'அவங்களுக்குத் தெரியாம' என்று கேட்டு வருகிறவர்களுக்கு

மன்னார்புரம், காஜாமலை, சுப்பிரமணியபுரம், எடமலைப்பட்டிப்புதூர் பக்கமிருந்து என் செல்போன் ரிப்பேர் கடைக்கு வந்து, கூட்டம் குறையும்வரை டெம்பர் கிளாஸ் பார்ப்பதுபோல் நின்று, பிறகு குரலைத் தாழ்த்தி அந்த ஒரு வேலையைக் கேட்கிற அண்ணன்மார், அக்காமார், அப்பா அம்மாமார் அனைவருக்கும் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்கிற விதம் ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும், விஷயம் ஒன்றுதான். "தம்பி, வீட்டுல அவங்க போன்ல ஏதாவது ஒண்ணு போட்டுக் குடுங்க. அவங்களுக்குத் தெரியக் கூடாது." சிலர் யூடியூபில் பார்த்துவிட்டு ஆப் பெயரோடு வருகிறீர்கள். சிலருக்கு வாட்ஸ்அப் தெரிந்தால் போதும். சிலருக்குப் பேச்சே ரெக்கார்டு ஆக வேண்டும். "எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை" என்றும் சொல்கிறீர்கள். டிஸ்ப்ளே காம்போ மாற்ற வரும்போது நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் நிற்பவரும் இதற்குப் பேரம் பேசுவதில்லை.

முடியாது என்கிறேன். 'இவனுக்கு வேலை தெரியாது போல' என்று நினைத்துக்கொண்டு பாலம் ஏறி ஜங்ஷன் பக்கம் வேறு கடைக்குப் போய்விடுகிறீர்கள். பின்னால் ஆள் நிற்கும்போது கவுன்டரில் வைத்து விவரமாகப் பேச முடிவதில்லை, அதனால்தான் இந்த மடல். இதில் வருகிறவர்கள் யாரென்று கண்டுபிடிக்க முடியாதபடி ஊர், வயது, உறவு எல்லாவற்றையும் மாற்றித்தான் எழுதுகிறேன். யாராவது "இது நான்தானே?" என்று கேட்டால், இல்லை.

முதலில் சட்டம். "நான் வாங்கிக் குடுத்த போன், என் பேர்ல இருக்கிற சிம், நான் பார்த்தா என்ன தப்பு?" என்று பாதிப் பேர் கேட்கிறீர்கள். அதுபோன்ற ஒரு கேள்வி உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளைக்கே போனது. திருச்சி மாவட்டத்து வழக்குகளும் 2004லிருந்து அங்கேதான் போகின்றன என்பதால் 'நம்' என்கிறேன். பரமக்குடி நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்ட ஒரு கணவர், மனைவி யார் யாரிடம் எப்போது பேசினார் என்கிற கால் லிஸ்டைச் சான்றாகக் கொடுத்தார். மனைவிக்குத் தெரியாமல் எடுத்தது அது. அதை ஏற்கக் கூடாது என்று மனைவி உயர் நீதிமன்றம் போனார். 2024 அக்டோபர் 30 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் மனைவி பக்கம் தீர்ப்புச் சொன்னார். அந்தரங்க உரிமை கணவன் மனைவிக்கு இடையிலும் உண்டு, ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதைச் சட்டம் ஊக்கப்படுத்த முடியாது, அப்படி எடுத்தது சான்றாகாது என்பது அதன் சாரம். மனைவி டைரி எழுதினால் அதை அவர் சம்மதம் இல்லாமல் கணவன் படிக்கக் கூடாது, டைரிக்குப் பொருந்துவது போனுக்கும் பொருந்தும் என்றும் அதில் வருகிறது. மின்னணுச் சான்றுக்கு வேண்டிய சான்றிதழில் கணவரே கையெழுத்துப் போட்டிருந்ததும் அங்கே அடிபட்டது. புதிய சாட்சியச் சட்டத்தில் நிபுணர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும்.

இத்தோடு நிறுத்தினால் எனக்கு வசதி. ஆனால் உங்களில் ஒரு வக்கீல் குமாஸ்தா இருக்கிறார், அடுத்த நாளே வந்து, "சுப்ரீம் கோர்ட்டு மாத்திச் சொல்லிருச்சே தம்பி" என்பார். சரிதான். பட்டிண்டா குடும்ப நீதிமன்றத்தில் ஒரு கணவர் மனைவியோடு பேசியதை அவருக்குத் தெரியாமலே பதிவு செய்து சிடியாகக் கொடுத்தார். குடும்ப நீதிமன்றம் வாங்கிக்கொண்டது. பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் 2021ல், இது அந்தரங்க மீறல், கூடாது என்றது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு 2025 ஜூலை 14 அன்று அந்த உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்தது. தம்பதிக்கு இடையே நடக்கிற வழக்கில், ரகசியமாகப் பதிவு செய்தது என்பதற்காக மட்டும் ஒரு சான்றை ஒதுக்க முடியாது என்றது. இப்படிப்பட்ட சான்றை ஏற்றால் வீட்டுக்கு வீடு வேவு பார்ப்பார்களே என்ற வாதத்துக்கும் பதில் சொன்னது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்கு ஒரு திருமணம் வந்திருந்தால், அதுவே உறவு உடைந்துவிட்டதற்கான அறிகுறி, நம்பிக்கை ஏற்கெனவே போய்விட்டது என்றது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்றை ஒன்று வெட்டுவதுபோல் தெரியும். கோர்ட்டுக்குள் வெட்டத்தான் செய்கிறது. கோர்ட்டுக்கு வெளியே இருக்கிற நமக்கு இரண்டும் ஒரே சேதியைத்தான் தருகின்றன என்று எனக்குப் படுகிறது. நம்பிக்கைதான் அஸ்திவாரம், அதை இடிக்காதே என்கிறது மதுரை. வேவு பார்க்கிறாயா, அப்படியானால் இடிந்துவிட்டது என்கிறது டெல்லி. ரகசியமாக எடுத்த ஒன்றுக்கு மதிப்பு உண்டா இல்லையா என்ற கேள்வியே பிரிவதற்காகக் கோர்ட் படியேறிய பிறகுதான் வருகிறது. சேர்ந்து வாழ்வதற்கு அது உதவும் என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. பிரிவதென்று முடிவு செய்துவிட்டவர் கன்டோன்மென்டில் நல்ல வக்கீலாகப் பார்க்க வேண்டும், என் கடைக்கு வந்து பிரயோஜனமில்லை. "குடும்பம் நல்லா இருக்கணும், அதுக்குத்தான் தம்பி பாக்குறேன்" என்கிறீர்களே, உங்களுக்குத்தான் நான் எழுதுகிறேன்.

ஏனென்றால் தெரியாமல் பார்த்த ஒன்றைப் பற்றி நீங்கள் வாய் திறக்க முடியாது.

ஒரு சார் வந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது, ஷிஃப்ட் வேலை. மனைவியின் வாட்ஸ்அப்பை ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரத்தில் தன் லேப்டாப்பில் இணைத்துவிட்டார். க்யூஆர் கோடைக் காட்டினால் முடிந்தது, ஆப் எதுவும் வேண்டாம். சந்தேகம்கூடப் பெரிதாக ஒன்றுமில்லையாம். "சும்மா, என்னதான் பேசுறாங்கன்னு." மனைவி தன் அக்காவுக்கு அனுப்புகிற செய்திகளைப் படித்துவந்தார். மாமியார் பற்றிய புலம்பல், சீட்டுப் பணம், ஒரு நாத்தனார் கதை. பிறகு ஒரு நாள், மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, பயமாக இருக்கிறது என்று வந்தது. 'இவர்கிட்ட இப்ப சொல்லாதே, வேலைல ஏற்கெனவே டென்ஷனா இருக்காரு' என்றும் வந்தது. எந்தக் கிழமை புத்தூர் பக்கம் எந்த ஆஸ்பத்திரிக்கு அக்காவோடு போகிறார், எத்தனை மணிக்கு ஸ்கேன் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கூடப் போக முடியவில்லை. எப்படிப் போவார்? அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். மனைவி, "அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவர், "சரி, பாத்துப் போ" என்றிருக்கிறார்.

"ரிசல்ட் நல்லபடியா வந்துருச்சு தம்பி. அழுகுற மாதிரி பொம்மையெல்லாம் போட்டு அவங்க அக்காவுக்கு அனுப்பியிருந்தா. நான் அதைப் படிச்சேன்" என்றார். "எங்கிட்ட இன்னிவரைக்கும் சொல்லலை." அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்டார். "உங்க லேப்டாப்புலேயே லாக் அவுட் குடுத்தா போதும் சார், என்கிட்ட வரவே வேணாம்" என்றேன். "அது தெரியும்" என்றார். பிறகு எதற்கு வந்தார் என்று நான் கேட்கவில்லை. ஒரு சார்ஜர் ஒயர் வாங்கிக்கொண்டு போனார்.

பெரிதாகச் சந்தேகமே இல்லாமல் பார்த்தவர் பாடு இது. சந்தேகம் உண்மையாக இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பார்த்ததைக் கேட்டால் "எப்படித் தெரியும்?" என்ற கேள்வி முதலில் வரும், அதோடு சண்டையே திசை மாறிவிடும். கேட்காவிட்டால் சாம்பாரில் உப்பில்லை என்று தட்டு பறக்கும். இரண்டையும் கடைக்கு வருகிற போன்களின் உடைசலில் பார்த்திருக்கிறேன். சுவரில் எறிந்த போன் உடைகிற விதமே வேறு, மூலையிலிருந்து கோடு ஓடும், ஃப்ரேம் வளைந்திருக்கும். 'கைதவறி விழுந்துருச்சு' என்பார்கள். நாங்களும் தலையாட்டுவோம்.

அடுத்து, நீங்கள் போடச் சொல்கிற சரக்கு என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். ஒருவர் போனை அவருக்குத் தெரியாமல் கண்காணிக்கிற ஆப்களைக் கூகுள் 2020 அக்டோபரிலிருந்து ப்ளே ஸ்டோரில் அனுமதிப்பதில்லை. பெற்றோர் குழந்தைக்குப் போடுவதும், கம்பெனி தன் ஊழியருக்குக் கொடுக்கிற போனில் போடுவதும்தான் விலக்கு, அதிலும் ஆப் ஓடுவது போனில் பளிச்சென்று தெரிய வேண்டும். ஒளிந்திருக்கிற ஆப் வேண்டுமானால் வெளியிலிருந்து ஏபிகே ஃபைலாக இறக்க வேண்டும். இறக்கினால் கூகுளின் காவல் வசதியான ப்ளே ப்ரொடெக்ட் கத்தும், அதை அணைக்க வேண்டும். பிறகு கண் தெரியாதவர்களுக்காக வைத்திருக்கிற ஆக்சஸபிலிட்டி அனுமதியைக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுத்துவிட்டால் திரையில் வருவது, டைப் அடிப்பது எல்லாம் அந்த ஆப்புக்குத் தெரியும். அவர்கள் பேங்க் பின் போடும்போதும் தெரியும், குளியலறைக்குள் போன் இருந்தாலும் தெரியும். இத்தனையும் உங்கள் போனுக்கு நேராக வருவதில்லை, எங்கோ ஒரு நாட்டில் யாரோ ஒருவரின் சர்வருக்குப் போய் அங்கிருந்துதான் வருகிறது. அந்தச் சர்வரைக் காப்பது யார்? ஸ்பைஃபோன் என்ற கம்பெனியை அமெரிக்க வர்த்தக ஆணையம் 2021ல் இந்தத் தொழிலே செய்யக் கூடாது என்று தடை செய்தது, எடுத்த தகவலை அழிக்கச் சொன்னது. ட்ரூத்ஸ்பை என்ற ஆப்பின் தகவல் 2022ல் வெளியே கசிந்தது. எம்ஸ்பை கம்பெனிக்கு 2024ல் ஆன கசிவில், ஆப் வாங்கினவர்கள் உதவி கேட்டு எழுதின கடிதங்களே வெளியில் வந்துவிட்டன. மகளைக் காப்பாற்றத்தான் போடுகிறேன் என்கிற அப்பா, மகளின் கேலரியை முகம் தெரியாத ஒருவனுக்குத் திறந்துவிடுகிறார். இதை மட்டுமாவது யோசித்துப் பாருங்கள், மற்றதை எல்லாம் விட்டுவிடலாம்.

தண்டனைப் பயமும் கொஞ்சம் இருக்கட்டும். பிறர் கருவிக்குள் நேர்மையற்ற எண்ணத்தோடு அனுமதியில்லாமல் புகுந்து தகவல் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் 3 ஆண்டுவரை சிறையோ 5 லட்சம்வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. ஒரு பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ செய்திகளையோ ஆண் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவில் பின்தொடர்தல் குற்றமாக எழுதப்பட்டிருக்கிறது. கணவன் என்றால் கணக்கில்லை என்று அந்தப் பிரிவில் தனியாக விலக்கு எழுதவில்லை. போட்டுக் கொடுத்த கடைக்காரனையும் சேர்த்துத்தான் இழுப்பார்கள்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஆள் வருகிறார்கள். அவர்கள் குரலைத் தாழ்த்துவதில்லை, பேட்டரி நிற்கவில்லை என்றுதான் வருவார்கள். ஒரு பெண் அப்படித்தான் வந்தார். கையில் ஸ்கூல் பை, பக்கத்தில் ஐஸ்க்ரீம் கேட்டு அழுகிற பையன். வீட்டுக்காரர் வெளிநாட்டில். பேட்டரி உப்பவில்லை, நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போன் சும்மா இருக்கும்போதும் சுட்டது. செட்டிங்ஸில் ஆக்சஸபிலிட்டியைத் திறந்தால் 'சிஸ்டம் சர்வீஸ்' என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. அப்படி ஒரு பெயரில் போன் கம்பெனி எதுவும் அங்கே வைத்து நான் பார்த்ததில்லை. ப்ளே ப்ரொடெக்டும் அணைந்திருந்தது. போன லீவுக்கு வந்தபோது அவர்தான் போனைப் புதுசாக வாங்கி எல்லாம் செட் பண்ணிக் கொடுத்துவிட்டுப் போனாராம். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"எடுத்தா அவருக்குத் தெரிஞ்சுடுமாண்ணே?"

தெரியும். திடீரென்று அந்தப் பக்கம் ஒன்றும் வராமல் நின்றுவிடும். அதைச் சொன்னேன். "அப்ப இருக்கட்டும்ணே" என்றார். பேட்டரி பார்த்ததற்கு எவ்வளவு என்று கேட்டார். காசு வாங்கவில்லை. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அவர் போனில் பதிவு செய்யவில்லை, காகிதத்திலும் எழுதிக் கொடுக்கவில்லை, வாயால்தான் சொன்னேன். மூன்றே இலக்கம், மனசில் நிற்கும்.

திருச்சி ஏர்போர்ட் வழியாக நம் ஊர்க்காரர்கள் சிங்கப்பூர், துபாய், மலேசியா என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். அங்கே ஒரு ரூமில் எட்டுப் பேரோடு படுத்துக்கொண்டு, வருடத்தில் ஒரு மாதம் மட்டும் வீட்டைப் பார்க்கிறவருக்கு மனசு என்னென்னவோ நினைக்கும். அந்தத் தனிமையைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் "கேமராவைத் திருப்பு, ஹாலைக் காட்டு, யார் செருப்பு அது?" என்று வீடியோ காலில் தினமும் நடக்கிற சோதனைக்கு அன்பு என்று பெயர் வைக்கவும் மனசு வரவில்லை. பாஸ்வேர்டு கேட்கிறார், கொடுக்கிறாள், அப்படியானால் சம்மதம்தானே என்பீர்கள். கொடுக்க மாட்டேன் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒன்றும் நடக்காது என்றால் அது சம்மதம். மாதப் பணம் நிற்கும், அப்பா வீட்டுக்கு போன் போகும், பேச்சு நிற்கும் என்றால் அவள் கொடுத்தது பயத்தில்.

"எங்களுக்குள்ள ஒளிவு மறைவே கிடையாது, ரெண்டு பேரும் ஒரே பேட்டர்ன்" என்று பெருமையாகச் சொல்கிற தம்பதிகளும் உண்டு. சந்தோஷம். அங்கேயும் ஒரு மூன்றாவது ஆள் இருக்கிறார், அவரிடம் யாரும் கேட்பதில்லை. உங்கள் மனைவியின் போனில் இருப்பது மனைவியின் ரகசியம் மட்டுமா? கரு கலைந்த தோழி எழுதியது இருக்கிறது, கடனில் மாட்டின தம்பி எழுதியது இருக்கிறது, ஆபீஸில் மேலாளர் தொல்லை தாங்காமல் புலம்பின ஒரு பெண் எழுதியது இருக்கிறது. அவர்கள் உங்களை நம்பி எழுதவில்லை.

சிம் விஷயம் ஒன்று. நம் வீடுகளில் பெண்கள் வைத்திருக்கிற சிம்களில் நிறைய அப்பா பேரிலோ புருஷன் பேரிலோதான் இருக்கின்றன. 2019-21 குடும்பநல ஆய்வில், தாங்களே பயன்படுத்த மொபைல் வைத்திருக்கிற பெண்கள் தமிழ்நாட்டில் ஏறத்தாழ நான்கில் மூவர், இந்திய அளவில் 54 விழுக்காடு. அந்த மூவரில் எத்தனை பேருடைய சிம் அவரவர் பேரில் இருக்கிறது என்பதைக் கேஒய்சி போடுகிற எங்களைப் போன்றவர்கள் தினமும் பார்க்கிறோம். சிம் யார் பேரிலோ அவரிடம் ஓடிபி போகிற வழி இருக்கிறது, கால் லிஸ்ட் எடுக்கிற வழி இருக்கிறது. உண்மையிலேயே நம்புகிறவர் முதலில் செய்ய வேண்டிய காரியம், கம்பெனி ஷோரூமுக்கு ஒரு நடை போய் அவர்கள் ஆதாரைக் கொடுத்து எண்ணை அவர்கள் பேருக்கே மாற்றித் தருவது. நகை வாங்கித் தருவதைவிட மலிவு.

இனி பிள்ளைகள். இங்கே நான் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்வேன். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தரங்க உரிமை பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருக்க முடியாது. ஆன்லைன் விளையாட்டில் அப்பா கார்டு காலியாவதையும், இன்ஸ்டாவில் முன்பின் தெரியாதவன் "அக்கா மாதிரி" பேசி போட்டோ கேட்பதையும் நானே பார்க்கிறேன். பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அவர்களுக்குத் தெரிந்து பாருங்கள். கூகுளின் ஃபேமிலி லிங்க் இலவசம், அதை நானே போட்டுத் தருகிறேன். பிள்ளையின் போனிலேயே, பெற்றோர் கவனிக்கிறார்கள் என்பது தெரியும்படிதான் அது அமைந்திருக்கிறது. 2023ல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கம்பெனிகள் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்கிறது, வீட்டுக்காரியத்துக்காக வீட்டார் செய்வதில் தலையிடவில்லை. சட்டம் உங்களை நம்பித்தான் அந்த இடத்தை விட்டுவைத்திருக்கிறது.

ஒரு அப்பா பத்தாம் வகுப்புப் பையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். கவுன்டரிலேயே பேரம் நடந்தது. இரவு பத்துக்கு லாக் என்றார் அப்பா. "பதினொண்ணு" என்றான் பையன். "நீங்க மட்டும் பன்னெண்டு மணிவரைக்கும் ரீல்ஸ் பாக்குறீங்கல்ல?" அப்பா என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தேன். பத்தரைக்கு முடிந்தது, அப்பா போனும் அதே நேரத்துக்கு ஹாலில் சார்ஜில் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்தப் பையன் ஒரு மாதத்தில் அதை உடைக்க வழி கண்டுபிடித்திருப்பான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கண்டுபிடிக்கட்டும். பத்தரை என்பது தான் ஒத்துக்கொண்ட பத்தரை என்பது அவனுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ரகசியமாகப் போடச் சொல்லி வருகிறவர்களில் பையன் போனைக் கொண்டுவருகிறவர் அபூர்வம். மகள் போன், தங்கச்சி போன், அண்ணன் செத்துப்போன வீட்டில் அண்ணி போன். காலேஜ் படிக்கிற தங்கச்சி போனைக் கொண்டுவந்த தம்பி ஒருவன், தன் போனில் மூன்று லாக் வைத்திருந்தான். கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் மாலை ஆறு முதல் பத்துவரை பெண்கள் போன் தொடக் கூடாது என்று விதி போட்டார்கள். ஃபஹீமா ஷிரின் என்ற மாணவி ஒத்துக்கொள்ளவில்லை, விடுதியைவிட்டு நீக்கினார்கள், வழக்குப் போட்டார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்ற நீதிபதி பி.வி.ஆஷா, இணையம் பயன்படுத்துவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் சேர்ந்தது என்று சொல்லி, அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டார். பதினெட்டு முடிந்த பெண் மேஜர் என்பதும் அதில் ஒரு வாதம். திருச்சி முழுக்க பெண்கள் விடுதிகளாக இருக்கின்றன. ஊரிலிருந்து மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அப்படியே என் கடைக்கும் வந்துவிட்டுப் போகிற அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பயம் நிஜம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஊருக்கு வெளியே பஞ்சப்பூருக்கு பஸ் ஸ்டாண்ட் போன பிறகு, ராத்திரி வந்து இறங்குகிற பிள்ளை வீடு சேர்கிறவரை தூக்கம் வராது. அதற்கு வழி இருக்கிறது. சென்னைக்குப் போகும்போது மகளே லைவ் லொகேஷன் அனுப்புகிறாள், எட்டு மணி நேரத்துக்கு. பஸ் விழுப்புரம் தாண்டியதை அம்மா பார்த்துவிட்டுப் படுக்கிறார். காலையில் அது தானே அணைந்துவிடுகிறது. இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது. அனுப்பினதும் அவள், நிறுத்துவதும் அவள் கையில். நீங்கள் கேட்கிற ஒளிவு ஆப் இல்லாமலே, உங்கள் பயம் தீரத் தேவையானது எதுவும் இதில் குறையவில்லை, அவள் எங்கே என்பது தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

தலைகீழாகவும் நடக்கிறது. ஸ்ரீரங்கத்திலும் தில்லைநகரிலும் வயதான அப்பா அம்மா தனியாக இருக்க, பிள்ளை பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார். வீடு முழுக்கக் கேமரா, அப்பா போனில் ரிமோட் ஆப், பேங்க் எஸ்எம்எஸ் பிள்ளைக்கும் போகிற மாதிரி ஏற்பாடு. டிஜிட்டல் அரெஸ்ட் என்று போன் செய்து பெரியவர்களை மிரட்டிப் பணம் பறிக்கிற காலத்தில் இதில் நியாயம் உண்டு. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் எச்சரித்த விஷயம் அது. பணம் போனால் 1930க்கு உடனே அடிக்க வேண்டும், பெரியவர்களுக்கு அந்தப் பதற்றத்தில் கை ஓடாது. ஆனாலும் கேளுங்கள். ஒரு தாத்தா வந்தார், ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர், பொன்மலைப் பட்டறையில் வேலை பார்த்தவர். "தம்பி, நான் யாருக்கு ஐநூறு ரூபா அனுப்பினாலும் அடுத்த நிமிஷம் அவன் டல்லாஸிலிருந்து கூப்பிடுறான்" என்றார். அந்த ஐநூறு, வீட்டில் வேலை செய்த அம்மாளுக்கு மருந்துக்கு. பிள்ளையிடம் அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம், விளக்கம் கொடுக்கவும் கூச்சம். என்ன செய்யலாம் என்று கேட்டார். ஐயாயிரத்துக்கு மேல் போனால் மட்டும் உனக்குத் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளலாமா என்று பையனிடம் நீங்களே கேளுங்கள் என்றேன். கேட்டாரா என்று தெரியாது. அதற்குப் பிறகு பணமாகவே எடுத்துக் கொடுக்கிறார் என்பது மட்டும் தெரியும்.

எங்கள் தொழிலையும் விட்டுவைக்கக் கூடாது. கனடாவில் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தார் 2022ல் லேப்டாப்களை ரிப்பேருக்குக் கொடுத்து, உள்ளே என்ன திறக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்யும்படி வைத்திருந்தார்கள். பதிவு கிடைத்த 12 கடைகளில் 6ல் சொந்தப் படங்களையும் ஃபைல்களையும் குடைந்திருந்தார்கள். நம் ஊரில் அப்படிச் சோதித்தால் என்ன வரும் என்று நினைக்கவே எனக்குத் தூக்கம் வராது. அதனால் ரிப்பேருக்குக் கொடுக்கிறபோது பேட்டர்னைச் சீட்டில் எழுதித் தராதீர்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோட், பிக்சலில் ரிப்பேர் மோட் இருக்கிறது, போட்டுவிட்டுக் கொடுங்கள். எங்களுக்குத் திரையும் டச்சும் தெரிந்தால் போதும், உங்கள் போட்டோ வேண்டாம். அந்த வசதி இல்லாத போன் என்றால் எதிரிலேயே உட்காருங்கள், டீ சொல்கிறேன்.

இனிமேல் என் கடையில் இந்த விஷயத்தில் நடைமுறை இதுதான். யாருடைய போனோ அவர் கூட வர வேண்டும். அவர் எதிரில் நீங்கள் உங்கள் வாயால் கேளுங்கள், அவர் சரி என்றால் ஃபேமிலி லிங்கோ, லொகேஷனோ, எஸ்எம்எஸ் ஏற்பாடோ, எதுவானாலும் போட்டுத் தருகிறேன், எப்படி நிறுத்துவது என்பதையும் அவருக்கே சொல்லிக் கொடுத்துத்தான் அனுப்புவேன். தன் போனில் என்ன இருக்கிறது என்று பார்க்க வருகிறவர்களுக்கு, ஆக்சஸபிலிட்டியும், ப்ளே ப்ரொடெக்டும், வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பக்கமும் திறந்து காட்டுவதற்குக் காசு கிடையாது. எடுப்பதா வேண்டாமா என்பதை நான் சொல்ல மாட்டேன், எடுத்தால் அந்தப் பக்கம் தெரியும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை கடை மதியம்வரைதான்.